ஏழாவது படி

புந்தா அரேனாஸில் காற்றுக்குத்தான் முதல் மரியாதை.
தெருவில் மனிதர்கள் சாய்ந்து அதற்கு வழிவிடுவார்கள்.
அது பிடுங்கிக்கொள்ளாதபடி
மகளின் பைக்குள் ஊக்கு குத்தி வந்திருந்தது
ஆசிரியை ஹிமேனாவின் சீட்டு:
"அயெலேன் பத்து வரை எண்ணுகிறாள்.
ஏழு மட்டும் வருவதில்லை.
வீட்டிலும் கொஞ்சம் பாருங்கள்."

இரவெல்லாம் நண்டுத் தொழிற்சாலையில்
பெட்டிக்குப் பன்னிரண்டு என்று எண்ணி அடுக்குகிறவன் நான்.
ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
என் மகளுக்கு
ஏழு வரவில்லையாம்.

காலையில் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தவள் முன்
ஒன்பது பீன்ஸ் விதைகளைப் பரப்பினேன்.
ஐந்து, ஆறு, எட்டு.
ஒன்பது அவள் விரலுக்கடியில் பத்தானது.
"பார் அப்பா, ஒன்று கூடிப்போச்சு" என்றாள்,
லாபக் கணக்குக் காட்டும் கடைக்காரியைப் போல.
மறுபடி எண்ணு என்றேன்.
மறுபடியும் லாபம்.
மூன்றாம் முறை என் குரல் தடித்தது.
அவள் விதைகளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.
படகுத்துறைச் சீருடைக்குப் பொத்தான் போட்டபடி மார்லேனே
"கணக்கு கிடக்கட்டும், முதலில் துப்பச் சொல்" என்றாள்.

சுவரில் எண்கள் ஒட்டினேன். ஏழுக்குச் சிவப்பு மை.
குளிக்கையில் ஏழு, ஷூ நாடா கட்டுகையில் ஏழு.
தனியாகக் கேட்டால் சொல்வாள்,
மணி அடித்த மாதிரி: ஏழு.
வரிசையில் வரச் சொன்னால்தான்
எங்கோ போய் ஒளிந்துகொள்ளும் அந்த எண்.

பள்ளிக்குப் போனேன்.
குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து
"நான் கண்டிப்பது போதவில்லையோ" என்றேன்.
ஹிமேனா ஜன்னலைக் காட்டினாள்.
வெளியே சறுக்குமரத்து ஏணியில்
எண்ணிக்கொண்டே ஏறினாள் அயெலேன்.
ஆறு வந்ததும்
கம்பியை இறுக்கிப் பிடித்து
நன்றாயிருந்த ஒரு படியைத் தாண்டி
அகலக் கால் வைத்தாள்:
எட்டு.
"மூன்று வாரமாகப் பார்க்கிறேன்,
எனக்கு விளங்கவில்லை" என்றாள் ஹிமேனா.
"உங்கள் வீட்டில் மாடிப்படி உண்டா?"

காது மடல் சூடேறியது.
உண்டு. பதினொன்று.
அதில் ஒன்று
இரண்டு குளிர்காலமாக உளுத்துக் கிடக்கிறது.
"மிதிக்காதே, அது கிடையாதென்று வைத்துக்கொள்"
என்று கையைப் பிடித்துத் தாண்டவைத்தவன் நான்.
நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டதை
ஒரு நாள் தவறாமல்
அவள் படித்து முடித்திருக்கிறாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து தூங்கவில்லை.
பழைய பலகையைப் பெயர்த்தபோது
தவிடாகக் கொட்டியது மரம்.
லெங்கா மரத்துண்டு ஒன்றை அறுத்துப் பொருத்தினேன்.
ஆணிகளை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.
எத்தனை என்று நான் கேட்கவில்லை.

புதுப் பலகை
மற்றவற்றின் நடுவே வெளிறித் தெரிந்தது,
பல் விழுந்த இடத்தில் முளைத்த பல்லாக.
ஆறில் நின்றாள், வெகுநேரம்.
தகரக் கூரையைக் காற்று உலுக்கியது.
ஒரு காலை வைத்தாள், எடுத்தாள்.
என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை;
அதுதான் அன்று நான் செய்த கடினமான வேலை.
பிறகு இரண்டு காலையும் வைத்து
ஒரு குதி குதித்தாள்.
"அப்பா, இது இருக்கு."

எண்ணைச் சொல்லவில்லை.
அங்கேயே உட்கார்ந்து ரொட்டி தின்றாள்.
ஞாயிறு முழுவதும் அதுதான் அவள் வீடு.

செவ்வாய்க்கிழமை சீட்டு வந்தது.
அதில் ஹிமேனா ஒரு 7 மட்டும் போட்டிருந்தாள்,
பக்கம் நிறைய.

இப்போது இருபதை நோக்கி ஏறுகிறாள்.
பதின்மூன்று, பதினைந்து என்கிறாள், கூச்சமே இல்லாமல்.
மார்லேனே சிரிக்கிறாள்.
சிவப்பு மையைத் தொடவில்லை நான்.
சுத்தியலும் கையுமாக
வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.